அவுட்லுக்: சக உத்தியோகத்தரின் தொடர்புகள் எனக்குத் திறக்கின்றன, ஆனால் முகவரிப் புத்தகத்தில் ஏன் வருவதில்லை?

வாவிக்கரை (மட்டக்களப்பு) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பில் கிராமிய வாழ்வாதாரப் பணிகளைச் செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் நிகழ்ச்சித்திட்ட உதவியாளராக இருக்கிறேன். எங்கள் அலுவலக மின்னஞ்சல் மைக்ரோசொப்ட் 365 இல் இயங்குகிறது. நாங்கள் எல்லோரும் கணினியில் நிறுவப்பட்ட பழைய அவுட்லுக்கையே பயன்படுத்துகிறோம், உலாவியில் திறப்பதில்லை.

எங்கள் மூத்த கள உத்தியோகத்தர் அக்கா நவம்பர் மாதத் தொடக்கத்தில் பிரசவ விடுமுறையில் செல்கிறார். 84 வேலை நாட்கள் என்றால் மாரி முழுவதும் அவர் அலுவலகத்தில் இருக்கமாட்டார். பதினொரு வருடங்களாகக் களத்தில் நின்றவர் என்பதால், வாகரையிலிருந்து வெல்லாவெளி வரை யாரை எந்த நேரத்தில் எந்த முகவரியில் பிடிக்கலாம் என்ற விபரம் முழுவதும் அவருடைய அவுட்லுக் தொடர்புகளில்தான் இருக்கிறது. அறுநூறுக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. ஒரு பதிவை மட்டும் உதாரணமாகச் சொல்கிறேன். கிரான் பக்கத்து மாதர் சங்கமொன்றின் செயலாளருடைய பெயர், அதன் கீழே அவருடைய மகளின் மின்னஞ்சல் முகவரி, அதற்கும் கீழே குறிப்புப் பகுதியில் "பகலில் வயலில் நிற்பார், மாலை 6 மணிக்குப் பிறகு மட்டும் எடுக்கவும், கடிதம் தமிழில் போனால் மகள் வாசித்துச் சொல்வார்" என்று இரண்டு வரிகள். கிரான் - புலிபாய்ந்தகல் வீதியில் வெள்ளம் ஏறி அந்தப் பக்கம் துண்டிக்கப்படும் நாட்களில், இப்படியான ஒரு பதிவு எவ்வளவு பெறுமதியானது என்பதை இங்குள்ளவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அக்கா தன்னுடைய 'கொண்டாக்ட்ஸ்' கோப்புறையை எனக்குப் பகிர்ந்துவிட்டார். நான் 'பீப்பிள்' பகுதிக்குப் போய், 'ஓப்பன் ஷெயார்ட் கொண்டாக்ட்ஸ்' என்பதில் அவருடைய பெயரைக் கொடுத்தால் எல்லாப் பதிவுகளும் தெரிகின்றன, வாசிக்கவும் முடிகிறது. ஆனால் புதிய மின்னஞ்சல் ஒன்றைத் தொடங்கி, 'டு' பொத்தானை அழுத்தி முகவரிப் புத்தகத்தைத் திறந்தால், அங்கே நிறுவனப் பட்டியலும் என் சொந்தத் தொடர்புகளும் மாத்திரமே இருக்கின்றன. அக்காவின் பட்டியல் இல்லை. ஒரு கோப்புறையை மின்னஞ்சல் முகவரிப் புத்தகமாகக் காட்டுவதற்கான தெரிவு என் சொந்தத் தொடர்புகளின் 'புரொப்பர்ட்டீஸ்' பகுதியில் இருக்கிறது. அவருடைய கோப்புறையில் அதைத் தெரிவுசெய்ய முடியவில்லை.

இப்போது நான் செய்வது, ஒரு பக்கம் அவருடைய தொடர்புகளைத் திறந்து வைத்து, மறுபக்கம் முகவரிகளைக் கையால் தட்டச்சுச் செய்வதுதான். சென்ற மாதம் அப்படி அடித்த ஒரு முகவரியில் ஓர் எழுத்துப் பிழைத்துவிட்டது. அனுப்ப முடியவில்லை என்று திரும்பி வந்த அறிவித்தலை நான் கவனிக்கவில்லை. ஒரு கிராமத்திலிருந்து ஒருவர்கூடக் கூட்டத்துக்கு வராதபோதுதான் தெரிந்தது. அக்கா தன்னுடைய கடவுச்சொல்லைத் தந்துவிட்டுப் போவதாகச் சொல்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவருடைய கடிதங்களைத் திறக்காமல், தொடர்புகளை மட்டும் என்னுடைய முகவரிப் புத்தகத்தில் கொண்டுவர வழி உண்டா?


கல்முனைக் கணினி எழுதியது:

கடவுச்சொல்லை வாங்க மறுத்தீர்களே, அது மிகச் சரியான முடிவு. அவருடைய பெயரில் நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்துக்கும் நாளை அவர்தான் பொறுப்புச் சொல்ல வேண்டிவரும்.

பகிர்தலில் நீங்கள் எந்தப் பிழையும் விடவில்லை. ஒரு கோப்புறையைப் பார்ப்பதற்கான அனுமதி வேறு, அந்தக் கோப்புறை உங்கள் முகவரிப் புத்தகத்தில் ஒரு பட்டியலாக நிற்பது வேறு. பழைய அவுட்லுக் தன்னுடைய முகவரிப் புத்தகத்தைக் கட்டும்போது, உங்கள் புரொபைலில் (அவுட்லுக்கில் உங்கள் கணக்கு அமைப்புகளின் தொகுப்பில்) இணைக்கப்பட்டிருக்கும் அஞ்சல் பெட்டிகளுக்குள் உள்ள தொடர்புக் கோப்புறைகளை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. 'ஓப்பன் ஷெயார்ட் கொண்டாக்ட்ஸ்' வழியாகத் திறக்கும் கோப்புறை உங்கள் கண்ணுக்குத் தெரிந்தாலும், அதன் சொந்தக்காரருடைய அஞ்சல் பெட்டி உங்கள் புரொபைலில் சேர்வதில்லை. ஆகவே அந்தப் பெட்டியை, உள்ளே இருப்பவற்றில் தொடர்புகளைத் தவிர வேறெதுவும் தெரியாத வகையில், உங்கள் புரொபைலில் சேர்க்க வேண்டும்.

முதல் வேலை அக்காவுடைய கணினியில். இடப்பக்கக் கோப்புறைப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலே அவருடைய மின்னஞ்சல் முகவரி தெரியும். அதன்மேல் வலது சொடுக்குப் போட்டு, 'ஃபோல்டர் பெர்மிஷன்ஸ்' என்பதைத் திறந்து, உங்கள் பெயரைச் சேர்த்து, 'ஃபோல்டர் விசிபிள்' என்ற ஒரே ஒரு கட்டத்தை மட்டும் அடையாளமிட வேண்டும். பெட்டி இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிவதற்கு மட்டுமே இந்த அனுமதி. இதை வைத்து ஒரு கடிதத்தையும் வாசிக்க முடியாது. அதன் பின்னர் அவருடைய தொடர்புக் கோப்புறையின் 'புரொப்பர்ட்டீஸ்' பகுதியில் 'பெர்மிஷன்ஸ்' பக்கத்தைத் திறந்து, உங்களுக்கு 'ரிவியூவர்' நிலை கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாசிக்க மட்டும் உரிய நிலை அது. நீங்கள் திருத்தவும் வேண்டும் என்றால் 'எடிட்டர்' தேவைப்படும், ஆனால் அந்த நிலையில் உள்ளவர் பதிவுகளை அழிக்கவும் முடியும் என்பதை இருவரும் பேசி முடிவெடுங்கள்.

இந்த இடத்தில் பலர் விடும் ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். அனுமதிப் பட்டியலில் 'டிஃபோல்ட்' என்றொரு வரி எப்போதும் இருக்கும். பெயர் தேடிச் சேர்க்கும் சிரமத்தைத் தவிர்க்க அந்த வரிக்கே 'ரிவியூவர்' கொடுத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால், தனியாகப் பெயர் குறிப்பிடப்படாத அத்தனை பணியாளர்களுக்கும், அதாவது முழு நிறுவனத்துக்கும், அந்தத் தொடர்புகள் திறந்துவிடும். உங்கள் பெயரைத் தனியாகச் சேர்த்து, உங்கள் பெயருள்ள வரிக்கு மட்டும் அனுமதி கொடுக்கச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கணினியில். 'ஃபைல்' பட்டியலில் 'அக்கவுண்ட் செட்டிங்ஸ்' திறந்து, உங்கள் கணக்கைத் தெரிவுசெய்து 'சேஞ்ச்', பின்னர் 'மோர் செட்டிங்ஸ்', அதில் 'அட்வான்ஸ்ட்' பக்கம். அங்கே மேலதிக அஞ்சல் பெட்டிகளைத் திறப்பதற்கான இடத்தில் 'அட்' என்பதைச் சொடுக்கி அக்காவின் பெயரைக் கொடுங்கள். அவுட்லுக்கை மூடித் திறந்ததும் கண்ட்ரோல் விசையுடன் 6 ஐ அழுத்தினால் முழுக் கோப்புறைப் பட்டியல் வரும். அதில் அக்காவின் பெட்டியும், அதனுள் தொடர்புகள் கோப்புறையும் தெரிய வேண்டும். அந்தக் கோப்புறையின் 'புரொப்பர்ட்டீஸ்' பகுதியில் 'அவுட்லுக் அட்ரஸ் புக்' பக்கத்துக்குப் போனால், நீங்கள் தேடிய தெரிவு இப்போது உயிருடன் இருக்கும். அடையாளமிட்டு, கீழே முகவரிப் புத்தகத்துக்கான பெயராக எளிதில் அடையாளம் காணக்கூடிய ஒன்றைக் கொடுங்கள். வெறுமனே 'கொண்டாக்ட்ஸ்' என்று விட்டால் உங்கள் சொந்தப் பட்டியலும் அதே பெயரில் நிற்கும், எது எவருடையது என்று ஒவ்வொரு முறையும் தடுமாறுவீர்கள்.

பெயரின் முதல் எழுத்துகளை அடித்தவுடன் கீழே விழும் பரிந்துரைகளைப் பார்த்து, "அக்காவின் ஆட்கள் இதில் வரவில்லையே" என்று எண்ண வேண்டாம். நீங்கள் முன்பு அனுப்பிய முகவரிகளின் ஞாபகப் பட்டியல் அது. அதிகபட்சம் 1000 முகவரிகளை வைத்திருக்கும், முகவரிப் புத்தகத்துடன் அதற்குத் தொடர்பில்லை. பெயரை அடித்து கண்ட்ரோல் விசையுடன் கே எழுத்தை அழுத்தினால் அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் தேடும். எந்தப் பட்டியலில் முதலில் தேட வேண்டும் என்பதை, முகவரிப் புத்தகச் சாளரத்தின் 'டூல்ஸ்' பட்டியலில் உள்ள 'ஒப்ஷன்ஸ்' வழியாக மாற்றலாம். மாரி முடியும்வரை அக்காவின் பட்டியலை மேலே வைத்துக்கொள்ளுங்கள்.

இவை அனைத்தும் பழைய அவுட்லுக்கிற்கு மட்டுமே பொருந்தும். உலாவியில் திறக்கும் அவுட்லுக்கில் இந்தக் கட்டங்களே இல்லை.


எருவில் எழுதியது:

மேலே சொல்லப்பட்ட வழி வேலை செய்யும், உடனடித் தேவைக்கு அதையே செய்யுங்கள். ஆனாலும் ஓர் அலுவலகத்தின் பதினொரு வருடத் தொடர்புகள் ஒருவருடைய தனிப் பெட்டிக்குள் இருக்கின்றன என்பதே எனக்குக் கவலை தருகிறது. அதை அனுபவித்தவள் என்பதால் சொல்கிறேன்.

நான் முன்பு வேலை செய்த இடத்தில் எங்கள் கள இணைப்பாளர் திருகோணமலைக்கு வேறு வேலை கிடைத்துப் போனார். அவர் போன கிழமையே அவருடைய கணக்கை அழித்துவிட்டார்கள். உரிமக் கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம், அதில் பிழை காண முடியாது. மைக்ரோசொப்ட் 365 இல் அழிக்கப்பட்ட பயனரின் கணக்கையும் அஞ்சல் பெட்டியையும் 30 நாட்களுக்குள் மீட்கலாம். எங்களுக்கு அந்தத் தொடர்புகள் தேவைப்பட்டது ஏழாவது கிழமையில். பழைய கூட்டங்களின் வரவுத் தாள்களைப் பெட்டி பெட்டியாக இறக்கி, மழையில் நனைந்து மை பரவிய இடங்களில் 1 ஆ 7 ஆ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நானும் இன்னொருவரும் இரண்டரை நாட்கள் உட்கார்ந்து எழுதினோம். எடுத்த இலக்கங்களில் பாதி மாறியிருந்தன. அதுவரை எங்களை நம்பி எங்களுடன் நின்ற சங்கங்களுக்கு, "உங்கள் இலக்கம் எங்களிடம் இல்லை" என்று சொல்லத் தயங்கித் தயங்கி அழைத்தது இன்றும் மனதில் நிற்கிறது.

ஆகவே உங்கள் கணினிப் பொறுப்பாளரிடம் பகிரப்பட்ட அஞ்சல் பெட்டி ஒன்றை உருவாக்கித் தரும்படி கேளுங்கள். 50 ஜிபி வரை அதற்குத் தனி உரிமம் தேவையில்லை, ஆகவே செலவு என்று எவரும் மறுக்க மாட்டார்கள். அந்தப் பெட்டியின் தொடர்புக் கோப்புறையில் அலுவலகத்துக்குரிய பதிவுகளை வைத்தால், அக்கா விடுமுறையில் போனாலும், நாளை நீங்கள் வேறு இடத்துக்குப் போனாலும், அது அலுவலகத்திடமே இருக்கும். எங்களுடைய இப்போதைய அலுவலகத்தில் இப்படித்தான் வைத்திருக்கிறோம். தொடக்கத்தில் ஒரு சிக்கல் வந்தது: நிர்வாகி எங்களுக்கு முழு அனுமதி கொடுத்ததும் அந்தப் பெட்டி அவுட்லுக்கில் தானாகவே வந்து சேர்ந்தது, ஆனால் முகவரிப் புத்தகத் தெரிவு எங்கள் கணினிகள் சிலவற்றில் மங்கியே கிடந்தது. தானாக இணைவதை நிர்வாகி நிறுத்தி, நாங்கள் கையால் பெட்டியைச் சேர்த்த பின்னர் சரியாகிவிட்டது.

பிரதேச செயலகங்கள், வைத்தியசாலைகள், வங்கிகள் போன்ற எல்லோருக்கும் பொதுவான முகவரிகளை நிர்வாகி முழு நிறுவன முகவரிப் பட்டியலிலேயே வெளித் தொடர்புகளாகச் சேர்க்கலாம். மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள்தான். அவற்றை ஒருமுறை சேர்த்துவிட்டால் எல்லோருடைய கணினியிலும் வந்துவிடும். உடனே தோன்றவில்லையே என்று பதற வேண்டாம், கணினியில் இறங்கியிருக்கும் பட்டியல் புதுப்பிக்கப்பட ஒரு நாளாவது பொறுக்க வேண்டும்.


வாவிக்கரை (மட்டக்களப்பு) எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பகிரப்பட்ட பெட்டியைப் பற்றிப் பணிப்பாளரிடம் கதைத்துவிட்டேன். அனுமதி கிடைக்கும் போலத் தெரிகிறது.

இடையில் இன்னொன்றையும் கேட்க வேண்டும். அக்கா ஒரு முன்னெச்சரிக்கையாகத் தொடர்புகளை சிஎஸ்வி கோப்பாக ஏற்றுமதி செய்து எனக்கு அனுப்பினார். எக்செலில் திறந்தபோது, தமிழில் எழுதப்பட்ட பெயர்களெல்லாம் கேள்விக்குறிகளாக நிற்கின்றன, தொலைபேசி இலக்கங்களின் முதல் பூச்சியமும் காணாமல் போயிருக்கிறது. கோப்பு பழுதா, அல்லது நாங்கள் ஏதாவது தவறவிட்டோமா?


கல்முனைக் கணினி எழுதியது:

இரண்டும் வெவ்வேறு நோய்கள்.

கேள்விக்குறிகள் ஏற்றுமதி நேரத்திலேயே உண்டானவை. யூனிகோட் எழுத்துகளை ஏற்காத பழைய எழுத்துமுறையில் கோப்பு எழுதப்பட்டால், தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் பதிலாகக் கேள்விக்குறி பதிவாகிவிடும். அதன் பின்னர் அந்தக் கோப்பிலிருந்து பெயரை மீட்க வழியில்லை, ஏனெனில் எழுத்தே அங்கு இல்லை. (கேள்விக்குறியாக இல்லாமல் புரியாத குறியீடுகளாகத் தெரிந்தால் கோப்பு நலமாக இருக்கிறது, எக்செல்தான் பிழையாக வாசிக்கிறது என்று பொருள், அப்போது எக்செலின் 'டேட்டா' பகுதி வழியாக யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டு இறக்கினால் தமிழ் சரியாக வரும்.) உங்கள் விடயத்தில், சிஎஸ்விக்குப் பதிலாக பிஎஸ்டி கோப்பாக (அவுட்லுக்கின் சொந்தத் தரவுக் கோப்பு) ஏற்றுமதி செய்யச் சொல்லுங்கள். அதில் தமிழ் பழுதாகாது, குறிப்புகளும் அப்படியே வரும். ஆனால் அது அன்றைய நாளின் ஒரு பிரதி மட்டுமே. அக்கா நாளை ஓர் இலக்கத்தைத் திருத்தினால் உங்களிடம் பழையதுதான் இருக்கும், ஆகவே பாதுகாப்புக்காக வைத்துக்கொள்ளுங்கள், பாவனைக்குப் பகிர்ந்த கோப்புறையே சரி.

பூச்சியம் எக்செலின் வேலை. தொலைபேசி இலக்கத்தை அது ஓர் எண்ணாக எடுத்துக்கொள்கிறது, எண்ணுக்கு முன்னால் பூச்சியம் இருக்க முடியாது என்பதால் வெட்டிவிடுகிறது. மட்டக்களப்புக்கு 065, அம்பாறை நகரப் பக்கத்துக்கு 063, கல்முனை, அக்கரைப்பற்றுக் கரையோரத்துக்கு 067 என்று மூன்று குறியீடுகள் கலந்து கிடக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய தலைவலி. தொடர்பிலேயே +94 என்று தொடங்கி, முதல் பூச்சியத்தை விட்டு, இடைவெளியுடன் எழுதிவைத்தால் எக்செல் அதை எழுத்தாகவே எடுக்கும்; கைத்தொலைபேசியிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் அப்படியே அழைக்கவும் முடியும்.


முன்னாள் முகாமைத்துவ உதவியாளர் (அக்கரைப்பற்று) எழுதியது:

தொழில்நுட்பத்தைப் பற்றி என்னிலும் தெரிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அரச அலுவலகமொன்றில் நீண்டகாலம் கோப்புகளைப் பொறுப்பாக வைத்திருந்தவன் என்ற முறையில், எவரும் இதுவரை தொடாத ஒரு பக்கத்தைச் சொல்ல விரும்புகிறேன். பகிர்வதற்கு முன்னர் அந்த அறுநூறு பதிவுகளையும் ஒருமுறை உட்கார்ந்து பிரிக்க வேண்டும், அதையும் அந்த உத்தியோகத்தரே செய்ய வேண்டும்.

பதினொரு வருடப் பட்டியலுக்குள் அலுவலகத்தின் ஆட்கள் மட்டும் இருக்கமாட்டார்கள். அவருடைய பெண் நோயியல் வைத்தியர், பிள்ளையின் ஆசிரியை, சீட்டுப் பிடிக்கும் அயலவர், கணவனின் முதலாளி எல்லோரும் அதே கோப்புறையில் இருப்பார்கள். நீங்கள் மேலே காட்டிய குறிப்பைப் போல நல்ல நோக்கத்துடன் எழுதப்பட்ட வேறு குறிப்புகளும் இருக்கும்: இன்ன வீட்டில் கணவன் குடிப்பார், இரவில் அழைக்க வேண்டாம்; இவர் நுண்கடனில் சிக்கியவர்; இந்தப் பெண்ணின் இலக்கத்தை மற்றச் சங்கத்துக்குக் கொடுக்கக் கூடாது. அந்த வார்த்தைகளை அந்தப் பெண்கள் ஒரே ஒரு உத்தியோகத்தரை நம்பிச் சொன்னார்கள். நாளை அலுவலகத்தில் எட்டுப் பேர் அதை வாசிக்கலாம் என்று அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. எங்கள் நாட்டில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. ஒரு நோக்கத்துக்காகத் திரட்டிய தனிப்பட்ட தரவை அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. சட்டம் இல்லாதிருந்தாலும் எங்கள் ஊர்களில் ஒருவரின் வீட்டு விடயம் வெளியே வந்தால் அதன் பின்விளைவு என்ன என்பது களத்தில் நிற்பவர்களுக்குத் தெரியும்.

அவுட்லுக்கில் ஒரு பதிவை 'பிரைவேட்' என்று குறிக்கலாம், அதுவே போதும் என்று சிலர் சொல்லக்கூடும். போதாது. அந்தக் குறியை மட்டும் நம்பி மறைக்க வேண்டியவற்றை வாசிப்பு அனுமதி உள்ள கோப்புறைக்குள் விட வேண்டாம் என்று மைக்ரோசொப்ட் நிறுவனமே அறிவுறுத்துகிறது, ஏனெனில் வேறு மென்பொருள் வழியாக அவை வாசிக்கப்படலாம். ஆகவே 'களத் தொடர்புகள்' என்றொரு தனிக் கோப்புறையை உருவாக்கி, பகிரத் தகுந்த பதிவுகளை மட்டும் அதற்குள் நகர்த்தி, அந்தக் கோப்புறையைப் பகிரச் சொல்லுங்கள். மற்றவை அவருடையவையாகவே இருக்கட்டும்.

இன்னொன்று. முகவரிப் புத்தகம் கைக்கு வந்தவுடன் நாற்பது பேரையும் 'டு' வரியில் போட்டு அனுப்பும் ஆசை வரும். அப்படி அனுப்பினால் நாற்பது பேருக்கும் மற்ற முப்பத்தொன்பது பேரின் முகவரியும் போய்ச் சேரும். 'பிசிசி' வரியைப் பயன்படுத்துங்கள்.


கல்முனைக் கணினி எழுதியது:

ஐயா சொன்ன தனிக் கோப்புறை யோசனையை நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு ஓர் இணைப்பு: 'களத் தொடர்புகள்' என்பது தொடர்புகள் கோப்புறைக்கு உள்ளே உருவாக்கப்பட்டிருந்தால், உள் கோப்புறைக்கு 'ரிவியூவர்' கொடுத்தால் மட்டும் போதாது. மேலே இருக்கும் தொடர்புகள் கோப்புறைக்கு முன்பு கொடுத்த 'ரிவியூவர்' நிலையை எடுத்துவிட்டு, அதற்கும் 'ஃபோல்டர் விசிபிள்' மட்டும் கொடுக்க வேண்டும். அப்போது மேல் கோப்புறையின் பெயர் தெரியும், அதற்குள் இருக்கும் பதிவுகள் தெரியாது. உள் கோப்புறை முழுமையாகத் திறக்கும்.


வாவிக்கரை (மட்டக்களப்பு) எழுதியது:

நடந்ததை எழுதிவிடுகிறேன், பின்னர் தேடி வருபவர்களுக்கு உதவும்.

நானும் அக்காவும் இரண்டு மாலைகள் உட்கார்ந்தோம். அவர் திரையைப் பார்த்து ஒவ்வொரு பெயராகச் சொல்ல, பகிரத் தகுந்தவற்றை நகர்த்தினோம். குறிப்புப் பகுதி வந்தபோது நான் எழுந்து தேநீர் போடப் போய்விடுவேன். அவர் வாசித்து, வைக்க வேண்டியதை வைத்து, அழிக்க வேண்டியதை அழித்த பின்னர் கூப்பிடுவார். ஐயா எழுதியதை வாசித்தபோது அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார், பின்னர் "இதில் சிலதை நான் எழுதியிருக்கவே கூடாது" என்றார். 640 பதிவுகளில் 412 புதிய கோப்புறைக்கு வந்தன.

அனுமதிகளைச் சொன்னபடி கொடுத்து, பெட்டியை என் புரொபைலில் சேர்த்து, அவுட்லுக்கை மூடித் திறந்ததும் 'களத் தொடர்புகள்' முகவரிப் புத்தகத்தில் வந்து நின்றது. அவருடைய கடிதங்கள் எதுவும் எனக்குத் தெரியவில்லை என்பதை அவர் முன்னிலையிலேயே திறந்து காட்டினேன்.

அதன் பின்னர் இரண்டு விடயங்களைக் கவனித்தோம். சில அரச அலுவலகங்களின் பெயர்கள் முகவரிப் புத்தகத்தில் இரண்டு முறை வருகின்றன, ஒன்று மின்னஞ்சலுக்கு, மற்றையது தொலைநகலுக்கு. அவுட்லுக் தொலைநகல் இலக்கத்தையும் அனுப்பக்கூடிய ஒரு முகவரியாகவே எடுத்துக்கொள்கிறது. அவசரத்தில் தொலைநகல் வரியைத் தெரிவுசெய்தால் கடிதம் போகாது. எங்களுக்குத் தொலைநகல் அனுப்பும் தேவை இல்லாததால், அக்கா அந்த இலக்கங்களை எடுத்துக் குறிப்புப் பகுதியில் போட்டுவிட்டார். இரண்டாவது, மின்னஞ்சலோ தொலைநகலோ இல்லாதவர்கள் முகவரிப் புத்தகத்தில் வருவதே இல்லை. 'பீப்பிள்' பகுதியில் மட்டும் இருக்கிறார்கள். அப்படி 93 பேர். மீனவர் சங்கத் தலைவர்கள், உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்படும்போது கீழ்ப்பக்கத்துக் கிராமங்களில் நாங்கள் முதலில் அழைக்கும் ஆட்கள், மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையே பாதை (வாவியைக் கடக்கும் மிதவை) ஓடுகிறதா என்று காலையில் கேட்பதற்கான இலக்கம் எல்லாம் அதற்குள்தான்.

அந்த 93 ஐயும் அச்செடுத்து, பிளாஸ்ரிக் உறையில் போட்டு, மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன். மின்சாரம் நின்ற நாளிலும் எடுக்கலாம். பகிரப்பட்ட பெட்டி அடுத்த கிழமை தயாராகும் என்று கணினிப் பொறுப்பாளர் சொல்லியிருக்கிறார். அது வந்ததும் 412 ஐயும் அங்கே பிரதி செய்வோம். அக்காவுக்கு வெள்ளிக்கிழமை கடைசி வேலை நாள்.